அனுப்பிய மெயிலில் அவர் குரல்

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கையெழுத்தும் போடுவேன், எந்த ஆபீசிலும் இதுவரை கைநாட்டு வைத்ததில்லை. மெயில் படிக்க மட்டும் ஆள் வேண்டும்.

மகள் வெளிநாட்டு வேலைக்குப் போன புதிதில் மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் பக்கம் போனில் டவர் எடுக்காது. மிளகு வாங்குகிற சங்கத்து ஆபீசில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அங்கே வேலை பார்த்த பெண் மகளின் மெயிலை வாசித்துக் காட்டுவாள். நான் சொல்வதைத் தட்டி அனுப்புவாள். சங்கத்தை மூடியபோது அத்தனை மெயிலையும் ஒரே கோப்பாக்கி, பென்டிரைவில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தாள். எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும்.

போன தை மாதம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். போனைக் கொடுத்தால் பேசாமல் என்னிடமே திருப்பித் தருகிற மனிதர். அதனால் அவர் குரல் எங்களிடம் எதிலும் இல்லை. சங்கத்து ஆபீசில் ஒரே ஒருமுறை மகளுக்காகப் பேசிப் பதிந்தது நினைவுக்கு வந்தது. மகளிடம் அந்தப் பழைய மெயில் இப்போது இல்லை. என்னிடம் இருக்கிற கோப்பில் இருந்தால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் குடியிருக்கிற நர்ஸ், சேலத்துப் பெண், லேப்டாப்பை எடுத்து வந்தாள். கோப்பைத் தட்டினால் திறக்கவில்லை. மெயில் படிக்கிற மென்பொருளை ஏற்றி, அதற்குள் இதைச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்ததும் மெயில்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"குரல் எதுவும் இல்லீங்களேம்மா."

"நல்லாப் பாரு கண்ணு."

"இதெல்லாம் உங்களுக்கு வந்ததுங்க. நீங்க அனுப்புனது தனியா இருக்கும், பொறுங்க."

அனுப்பியவற்றில் ஒன்றின் பக்கத்தில் கொக்கி மாதிரி ஒரு குறி. அதைத் தட்டினாள்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஆபீஸ் பெண்ணின் குரல்: "ஐயா, எங்க போறீங்க? மைக் கிட்ட வந்து பேசுங்க." கதவு திறக்கிற சத்தம்.

மகள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள், அறைக்குள் நின்று பேசினால் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்கு அவர் வெளியே போய்ப் பாறைமேல் ஏறிவிட்டார். பள்ளத்து வயலில் இருக்கிறவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மெலிசாக, எங்கோ இருந்து வந்தது. "ஏ... கண்ணூ... சாப்புட்டியா சாமீ..."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கிட்ட நின்னு பேசியிருந்தா நல்லாக் கேட்டிருக்குமுங்க."

"கிட்ட நின்னா அவரு வாயே தொறக்க மாட்டாரு. இதுதான் அவரு பேச்சு."

"இன்னொருக்கா வெக்கட்டுங்களா?"

"வெய் சாமி. உனக்குப் புண்ணியமாப் போவட்டும்."

மறுபடியும் கேட்டேன். பிறகு அதை மகளுக்கு அனுப்பச் சொன்னேன். மேட்டிலிருந்து கூப்பிட்டவர், பதில் குரல் வருகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். அவர் கூப்பிட்டது அவளைத்தானே.