புரட்டாசியில் கொடுத்த ரத்தம்

வளர்மதி மேடம் போன வெள்ளிக்கிழமை காலையில் இறந்துவிட்டார். கடையில் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரி வேன் டிரைவர் வந்து, "கைய கழுவிகினு கெளம்புங்கண்ணே, மேடத்த குவார்ட்டர்ஸுக்குக் கொண்டாந்துட்டாங்க" என்றார். கையைக் கழுவினேன். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினேன்.

மேடத்தின் நினைவாகக் கல்லூரியில் அவர் துறை போடும் இந்த மலரில் எழுதும் மற்றவர்கள் அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள். என் பெயர் தனபால். நகரிய பஜாரில் கோழிக்கடை. குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் கூடை கட்டி வந்து, நகரியக் குடியிருப்பில் பிளாக் பிளாக்காக விற்றுக் கடை பிடித்தவன். மேடத்தின் ஆராய்ச்சிக்கு ஆறு வருடம் கோழி ரத்தம் கொடுத்தேன். அதில் ஒரு மாதம் ஏமாற்றினேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதுவும் எழுதக் கூடாது.

முதல் நாள் காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் வந்தார். கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க், ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஊற்றிய குழாய்கள். கோழிக்கடைக்கு வரும் படித்தவர்கள் மூக்கில் கைக்குட்டை வைப்பார்கள். இவர் கோழி வெட்டும் கல்லுக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றார். "குலுக்காதீங்கண்ணே, மெதுவா சாய்ங்க" என்று எனக்கே தொழில் சொல்லிக் கொடுத்தார். எதற்குக் கோழி என்று கேட்டேன். நம் சிவப்பணுவில் கரு கிடையாது, கோழிக்கு உண்டு என்றார்.

"அப்ப கோழி நம்மள விட ஒசத்தியா மேடம்?"

"இந்த ஒரு விஷயத்துல ஒசத்திதான். வெட்டும்போது கொஞ்சம் மரியாதையா வெட்டுங்க."

என்ன ஆராய்ச்சி என்று இன்னொரு நாள் கேட்டதற்கு, எங்கள் பஜாரையே காட்டினார். "இந்த வரிசையில நாப்பது கடை. நாலு கடைதான் ஷட்டர் திறந்திருக்கு. ஒரு ஆட்டை அவுத்துவிட்டா எங்க வாய் வைக்கும்?"

"தொறந்த கடையில."

"அப்புறமா வந்து எங்க மேஞ்சிருக்குன்னு பார்த்தா, எது திறந்திருந்துச்சுன்னு கண்டுபிடிச்சிடலாம்ல? உயிரணுக்குள்ள டிஎன்ஏ அப்படித்தான் சுருட்டி மூடி வச்சிருக்கு. நான் போடற நொதி, ஆடு. திறந்த இடத்துலதான் வெட்டும். ஒரு ஆடு, ரெண்டு ஆடுன்னு அளவு கூட்டிக்கிட்டே போவேன். ரொம்பப் போட்டா ஷட்டரையே பிச்சிடும்."

நொதியே போடாத ஒரு குழாயும் கூடவே வைப்பாராம். "அந்த வெறும் குழாய்தாண்ணே எனக்கு நீதிபதி. ஆடே விடாத பஜார்ல மேய்ச்சல் தெரிஞ்சா, மத்த கணக்கெல்லாம் குப்பை." இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். பழைய ரத்தமாக இருந்தால் உள்ளே இருக்கும் நொதியே டிஎன்ஏவை வெட்டிவிடும், அதனால் அப்போதே அறுத்ததுதான் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல முடியாது.

நாலு வருடத்துக்கு முந்தைய புரட்டாசி அது. பாதி ஜனம் கறி தொடாது. முதல் கிராக்கி வரவே பத்து மணி ஆகும். ஆறரைக்கு ஒரு கோழி அறுத்தால் அது விற்காமல் கிடக்கும். மேடம் என் கடையில் உபரியாகக் குழாய்கள் வைத்திருந்தார். முந்தின நாள் சாயந்திரம் அறுக்கும்போதே அதில் பிடித்து பிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துக் கொடுத்தேன். ரத்தத்துக்கு நான் காசு வாங்கியதில்லை. சும்மா கொடுப்பதற்கு என்ன உத்தரவாதம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதம் மேடத்துக்கு முதல் பீரியடு வகுப்பு. பிளாஸ்க் எடுத்துப் போக ஆய்வக உதவியாளர் அமுதா வந்தாள். கான்ட்ராக்ட் வேலை. வடலூர்ப் பெண், வாய் சும்மா இருக்காது. குழாயைக் கையில் வாங்கியதும் கேட்டாள்: "இன்னாண்ணே, சில்லுன்னு கீது? கழுத்துலேர்ந்து வந்தா சூடால்ல இருக்கணும்?"

"ஐஸ்ல வச்சுக் குடுக்கறேன். கெளம்பு."

மேடம் ஒருநாள் வகுப்பு முடிந்து நேரே கடைக்கு வந்தார். வெறும் குழாய் கெட்டுக்கொண்டே இருக்கிறதாம். டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், மேலே ஒற்றைக் கோடாக நிற்க வேண்டியது கீழ்வரை இழுபட்டிருக்கிறதாம். "அப்பவே அறுத்ததுதானேண்ணே?" என்றார்.

"இப்பத்தான் மேடம். சூடு ஆறல."

சரிண்ணே என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

ஐப்பசி பிறந்தது, வியாபாரம் ஏறியது, நானும் காலையிலேயே அறுக்க ஆரம்பித்தேன். வெறும் குழாய் சரியாகிவிட்டது. ஆனால் அதே வாரத்தில்தான் அமுதாவை நிறுத்தி வேறு ஆளை அனுப்பியிருந்தார். ஆள் மாறியதும் சரியாகிவிட்டதால், குற்றம் அவள்மேல் நின்றுவிட்டது. அந்த வருடம் கல்லூரியில் அவளுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. மேடம் சோதனையில் பிழை செய்யவில்லை. என் வார்த்தையையும் ஒரு குழாயில் போட்டுப் பார்த்திருக்கலாம், அதை மட்டும் செய்யவில்லை.

ஆராய்ச்சி அறிக்கை வந்தபோது கடைசிப் பக்கத்தில் என் பெயர் போட்டு நன்றி சொல்லியிருந்தார். லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டினேன். போன மாதம் மேடம் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன், சொல்லிவிடத்தான் போனேன். "கடை எப்படிண்ணே போவுது?" என்றார். "நல்லா போவுது மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில் அமுதாவைப் பார்த்தேன். மாலையோடு வந்திருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். 

"அன்னிக்கே மேடத்துக்கிட்ட சொன்னேன், ரத்தம் சில்லுன்னு கீதுன்னு. அவரு தொழில்காரரு, எனக்குப் பொய் சொல்ல மாட்டாருன்னாங்க. வூட்டுக்குப் போய் எத்தினி நாள் என் கையவே பார்த்துகினு இருந்தேன் தெரியுமா?"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்க."

"அத வச்சி நான் இன்னா பண்றது? அவங்க ஆராய்ச்சி நோட்டுல அந்த மாசத்துக்கு எதிர்ல, கெட்டதுக்குக் காரணம்னு என் பேரு கீது. அத மாத்துங்க. நாலு பேரு படிக்கிற இடத்துல எழுதுங்க. உங்க பேரு போட்டு."

மேடம் வைத்துவிட்டுப் போன குழாய்களில் ஐந்து இன்னும் என்னிடம் இருக்கின்றன, காலியாக. லேமினேட்டைக் கழற்றிவிட்டேன்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். மேடத்தின் வேலையை மாணவர்கள் தொடரப் போகிறார்கள். பேசி முடித்த ஏற்பாடு இது: நோட்டில் அந்தப் பக்கங்களில் அமுதாவின் பெயரை அடித்து என் பெயரை எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிட்டேன். அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தால், ரத்தம் வாங்குவது அமுதாதான். அவள் கண் முன்னால் அறுக்க வேண்டும், குழாய் அவள் கைக்குச் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே கொட்டிவிட்டு இன்னொரு கோழி. ரத்தத்துக்கு விலை கிடையாது. புரட்டாசியிலும் காலை ஆறரைக்கு ஒரு கோழி, விற்றாலும் விற்காவிட்டாலும்.