கழற்றிப் பார்த்த ரவுட்டர்

தெருவில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். வாரம் தவறாமல் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்குவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கணினி மாத இதழ் ஒன்றில் பதினொரு வருடமாக வைஃபை ரவுட்டர்களுக்கு மதிப்பெண் போடுவது அவர் வேலை. மற்றவர்கள் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுதுவார்கள். இவர் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவார். உள்ளே என்ன பிராசசர், எவ்வளவு மெமரி, ஆன்டெனாக்களில் எது நிஜம், எது அலங்காரம் என்று கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார். பிறகு லேப்டாப்பை ஏந்திக்கொண்டு சமையலறை, மாடிப்படி, குளியலறை வாசல் என்று நடந்து வேகத்தைக் குறிப்பார். குளிக்கப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த வாரம் வந்தது எட்டு ஆன்டெனா வைத்த ராட்சதன். அதே வாரம்தான் அவர் மனைவிக்கு இணையவழி நேர்காணல். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். பழைய கம்பெனியை மூடிய பிறகு மூன்று வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு அவளுக்குச் சலித்துவிட்டது. கூப்பிட்டதே இந்த ஓர் இடம்தான். வெள்ளிக்கிழமை நேர்காணல் முடியும்வரை இணைப்பில் எதையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்று தலையாட்டினார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காலை அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டார். பின் அறைக்குச் சிக்னல் நன்றாகப் போகும், அவளுக்குத்தானே நல்லது என்று தன்னையே சமாதானமும் செய்துகொண்டார்.

பதினொரு மணிக்கு அவள் பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் கூடத்தில் உட்கார்ந்து ரவுட்டரின் வசதிகளை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். திரையின் ஒரு மூலை அதன் சூட்டைக் காட்டியது: எழுபத்தொன்பது டிகிரி. புதுசு இவ்வளவு கொதிக்காதே என்று நினைத்தவர் கண்ணில், மேசையில் விரித்த செய்தித்தாளில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பட்டை பட்டது. பிராசசருக்கும் அதன் சூட்டை இழுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பட்டை அது. நேற்று படம் எடுக்கத் தகட்டைத் தூக்கியவர், பட்டையை வெளியே விட்டுவிட்டே பூட்டியிருக்கிறார்.

எண்பத்தாறு. நூறைத் தொட்டால் தானாகவே அணைந்துவிடும். அதையும் ஒரு வசதி என்று கையேடு பெருமையடித்துக்கொண்டது. அணைந்தால் திரும்பி வர ஐந்து நிமிடம். பட்டையை வைக்கவும் கரன்ட்டை நிறுத்தத்தான் வேண்டும். பின் அறையில் செல்போனுக்குச் சிக்னல் கோடு ஒன்றுகூட வராது. இரண்டு முறை கதவு வரை போனார். உள்ளே அவள் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே திரையில் மூன்று பேர். எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது?

தொண்ணூற்று நான்கு. மூடியைத் தூக்கினார். நல்ல வேளை, அதற்கு இன்னும் திருகாணி போடவில்லை. சிப்பைத் தொடாமல் நூலிழை உயரத்தில் நின்ற தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். சூடு சுரீரென்று ஏறியது. எண் ஏறாமல் நின்றது. பிறகு ஒன்று குறைந்தது. அந்த விரல் தாங்காதபோது அடுத்த கட்டைவிரல். பதினெட்டு நிமிடம் அப்படியே நின்றார். மதிப்பெண் பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் முகத்தில் மூன்று வருடமாக இல்லாத வெளிச்சம்.

"திங்கட்கிழமையே ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. கடைசியா, வீட்ல நெட்ட நம்பலாமான்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் இருக்காரு, அந்தக் கவலையே வேணாம்னு சொன்னேன்."

விரல்கள் எரிந்ததைவிட அதைக் கேட்க எரிந்தது. அவள் திறந்து கிடந்த ரவுட்டரைப் பார்த்தாள், சிவந்த இரண்டு கட்டைவிரல்களைப் பார்த்தாள். நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்காகவா மாத்துனீங்க?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நம்பிவிடுவாள், அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இல்லம்மா. எனக்கு இருப்புக் கொள்ளல."

அவள் கோபப்படவில்லை. அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய் இரண்டு கைகளையும் தண்ணீரில் காட்டினாள்.

"அவங்ககிட்ட சொன்னப்போ நான் பொய் சொல்லல," என்றாள். "அத பொய்யாக்கிடாதீங்க."