கன்னியப்பன் வைத்த தண்டம்

ஆம்பூருக்கு எதிரே பாலாற்றங்கரையில் இருந்த சிற்றூரில், பால்காரர் கன்னியப்பன் எருமையை விடப் புல்லைத்தான் அதிகம் கொஞ்சுகிறார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பொய் ஒன்றும் இல்லை. மழை விழுந்து கொழுக்கட்டைப்புல் துளிர்த்ததும், ஊர் மேய்ச்சல் நிலத்தில் பாதியை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார். கதிர் முற்றி விதை உதிரும்வரை ஒரு மாடும் உள்ளே போகக் கூடாது.

"புல்லு புள்ள பெத்துக்கட்டும்யா, அப்புறம் மேய்க்கலாம்" என்பார்.

மீறி மேய்ந்த மாட்டின் அன்றைய பால் முழுவதும் ஊருக்குப் பாயசம். இந்தத் தண்டத்தை வைத்தவர் அவர். வாங்குவதில் ஈவிரக்கம் பார்க்காதவரும் அவரே. பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் எருமை ஒருமுறை வாய் வைத்ததற்கு, அந்த வீட்டுப் பாயசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்த மகராசன்!

1927-ஆம் வருஷம். ஆம்பூர் தோல் மண்டிக்காரர் அப்துல் சமத் வீட்டில் நிக்காஹ். மத்தியான விருந்தில் கீர் காய்ச்சக் காலைப் பாலை ஊற்றுவதாக, அவர் மனைவி அக்தர் பானுவிடம் கன்னியப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று பார்த்து, விடிந்ததும் அவருடைய எருமைகள் எல்லாம் அடைத்த புல்லுக்குள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. முந்தின நாள் கதிரின் அழகைத் தடவிப் பார்க்க உள்ளே போனவர், வெளியே வரும்போது முள்ளை இழுத்து மூட மறந்துவிட்டார்.

"ஒருத்தரும் பாக்கல. கம்முனு ஓட்டிக்கினு வந்துடுய்யா, கல்யாணப் பாலு" என்றாள் மனைவி சௌந்தரம்.

அவருக்கும் ஆசைதான். ஆனால் மேய்ச்சல் பாதியானதில் ஊரில் பால் கம்மியாகி, வேலியை எப்போது பிய்க்கலாம் என்று ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மறைத்தது வெளியே தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் புல் மொட்டை. வாக்கா, புல்லா என்று தவித்துப்போனார். கடைசியில் தெருவில் நின்று கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க எருமைங்க அடைப்புல மேஞ்சிடுச்சிங்க. இன்னிக்கி எங்க வூட்ல பாயசம்!"

ஊரே சிரித்தது. சொம்போடு முதலில் வந்து நின்றவர் முனிரத்தினம். கன்னியப்பனோ காலித் தவலையைப் பார்த்தபடி குந்தியிருந்தார்.

"இன்னா மாமா, பேஜாரா உக்காந்துட்டே?"

"சாயபு வூட்டு அம்மாவுக்கு இன்னா பதில் சொல்லுவேன்டா?"

முனிரத்தினம் பாயசத்தை ரசித்துக் குடித்தார். "தண்டம் தண்டம்தான். இன்னொரு சொம்பு ஊத்து" என்றார். அதையும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், அன்று கறந்த பால் முழுவதையும் கொண்டுவந்து தவலையில் ஊற்றினார்.

"நீ மட்டும் மறைச்சிருந்தா, நாளைக்கு நானே வேலியப் பிச்சிருப்பேன் மாமா."

ஆம்பூரில் அக்தர் பானு பாலை மொண்டு பார்த்தார். "மாஷா அல்லா! இவ்ளோ கெட்டியா நீ ஊத்தினதே இல்லியே கன்னியப்பா!"

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். முடியவில்லை.

"இது முனிரத்தினம் வூட்டுப் பாலும்மா."

"அப்ப நாளையிலேருந்து அவரையே ஊத்தச் சொல்லு."

நல்ல வாடிக்கை கைவிட்டுப் போனது. கன்னியப்பனுக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை என்பதும் நிஜம். ஆனால் அந்த வருஷம் விதை உதிரும்வரை அடைப்புக்குள் ஒரு மாடும் நுழையவில்லை. கையில் கோலோடு காவல் நின்றவர் முனிரத்தினம்.