தோல் டாக்டரின் வாசல் முகம்

அந்தத் தோல் மருத்துவமனைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது டாக்டரின் முகத்தை அல்ல, டோக்கனக்காவின் முகத்தை. எட்டு வருடமாக வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

மேஜைக்கு நேர் மேலே ஏசி. வெயிலில் வருகிறவர்களுக்கு வாசலிலேயே குளிர வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. அவர் டாக்டரின் மைத்துனர். ஆகவே மேல்முறையீடு கிடையாது. வருகிறவர்கள் ஐந்து நிமிடம் குளிர்ந்துவிட்டு உள்ளே போனார்கள். அவள் ஒன்பது மணி நேரம் குளிர்ந்தாள். கன்னம் வெள்ளை வெள்ளையாய்ச் செதில் விட்டது, உதட்டோரம் வெடித்தது, சிரித்தால் எரிந்தது. சிரிப்பதுதான் அவள் வேலையில் பாதி.

"ஏசிக் காற்றில் நேராக உட்காராதீர்கள், முகத்துக்கு அடிக்கடி சோப்பு போடாதீர்கள்" என்று அச்சடித்த தாளை ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அவளே கொடுத்தாள். கொடுத்துவிட்டு, முகம் இழுக்கிறதே என்று மணிக்கு ஒரு தரம் குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தாள் நோயாளிகளுக்கு, தான் ஊழியை என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஊருக்குத்தானே உபதேசம்!

ஒரு வியாழக்கிழமை, வந்தவர் ஒருவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்கயே வேலை செய்றவங்களுக்கே இப்படின்னா..." என்று இழுத்தவர், டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமையிலருந்து இங்க வேற பொண்ணு வருதும்மா. நீங்க பின்னாடி ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க."

"சார், அந்த ஏசியக் கொஞ்சம்..."

"உங்க முகத்தப் பத்திப் பேசினா ஏசியக் குறை சொல்றீங்களே!"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கன்னம் எரியும் என்று அடக்கிக்கொண்டாள். ஃபைல் அறையில் ஏசி கிடையாது, தோலுக்கு நல்லதுதான். ஆனால் யாருக்கு அவசரம், யார் அவசரம்போல நடிக்கிறார்கள், யார் ஊசியைக் கண்டால் ஓடுவார்கள் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாளே, அதற்கு ஃபைல் அறையில் என்ன வேலை? வீட்டுக்குப் போனால் மகள் முத்தம் கொடுத்துவிட்டு, "உன் கன்னம் குத்துதும்மா" என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை, தரை துடைக்கிற அம்மாவை மேஜையில் உட்கார்த்தி வைத்தாள். பதினேழாம் டோக்கனைத் தனக்கே கிழித்துக்கொண்டு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் கெட்டிக்காரர்தான். தோலைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். லென்ஸைக் கன்னத்தருகே கொண்டுபோனார்.

"ஏசி ரூம்ல வேலையா?"

"ஆமா டாக்டர்."

"காத்து நேரா முகத்துல அடிக்குதா?"

"எட்டு வருஷமா."

"சோப்பு?"

"மணிக்கு ஒரு தடவ."

"அத முதல்ல விடுங்க. வெறும் தண்ணியில கழுவி, ஈரம் காயறதுக்குள்ள இந்தக் க்ரீமப் பூசுங்க. ஆனா உக்கார்ற எடத்த மாத்தலன்னா எந்த மருந்தும் கேக்காது. உங்க முதலாளிக்குக் கண்ணு இல்லையா? அவர்கிட்ட சொல்லுங்கம்மா."

"சொல்லிட்டேன் டாக்டர்."

"எப்போ?"

"இப்பதான்."

லென்ஸ் மெல்லக் கீழே இறங்கியது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக டாக்டர் அவள் முகம் முழுவதையும் பார்த்தார். அவர் காது சிவந்தது. மருந்துச் சீட்டில் 'உட்காரும் இடத்தை உடனே மாற்றவும்' என்று எழுதி, மணியடித்து மைத்துனரைக் கூப்பிட்டு அவரிடமே நீட்டினார்.

கால் மணி நேரத்தில் மேலாளர் வியர்க்க விறுவிறுக்க மேஜையை இழுத்துக்கொண்டிருந்தார். டோக்கனக்கா காற்று படுகிறதா என்று கன்னத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டடி தள்ளுங்க சார்."

தள்ளினார். "அப்போ திங்கட்கிழமை வர்ற பொண்ணு?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஃபைல் ரூம் காலியாத்தான் சார் இருக்கு" என்றவள், எரிந்தாலும் பரவாயில்லை என்று நன்றாகவே சிரித்துவிட்டு, பதினெட்டாம் டோக்கனைக் கூப்பிட்டாள்.