பைக்குக்கு உயரமான கண்ணாடி மாட்டினேன்

பதினைந்து வருடம் லாரி ஓட்டியவன் நான். இப்போது மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்குத் தினமும் பைக்கில் போகிறேன். எதிர்காற்று நெஞ்சில் அறைந்ததால், கடையில் இருந்ததிலேயே உயரமான காற்றுத்தடுப்புக் கண்ணாடியை வாங்கி முன்னால் மாட்டினேன். லாரிக்குள் உட்கார்ந்தது போலச் சுகமாக இருந்தது.

போன வாரம் மனைவியுடன் போகும்போது சட்டென்று மழை பிடித்தது. கண்ணாடி மங்கி, சாலையே தெரியவில்லை. என் கை ஹேண்டில்பாரை விட்டு எதையோ துழாவியது. வண்டி ஆடியது.

"ஏனுங்க, கைய உட்டுட்டு என்னத்தத் தேடறீங்க?" என்றாள் மனைவி, என் தோளை இறுகப் பிடித்தபடி.

எதைத் தேடினேன் என்று எனக்கே புரியவில்லை. ஓரமாக நிறுத்திய பிறகுதான் உறைத்தது. பைக்கில் இல்லாத, லாரியின் வைப்பர் சுவிட்சைத் தேடியிருக்கிறேன்.

மறுநாளே கண்ணாடியை மூக்குக்குக் கீழே நிற்கும்படி வெட்டிவிட்டேன். இப்போது அதற்கு மேலாகத்தான் சாலையைப் பார்க்கிறேன். தூறல் விழுந்தாலே ஓரங்கட்டிவிடுகிறேன்; கையை இன்னும் நம்ப முடியவில்லை.