சாமி படம் ஒட்டிய சர்வர்

சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பந்தயம் நடந்தது. ஓடியது ஆட்கள் அல்ல, இரண்டு இயங்குதளங்கள்!

பழையதன் கெர்னலில், அதாவது அதன் மையப் பகுதியில், நெட்வொர்க் வேலைகளைப் பல வருடமாகப் பார்த்து வந்தது நானும் என் குழுவும்தான். எதிரே புதியது. எது வேகமாகத் தரவை அனுப்புகிறதோ, இனி நிறுவனத்தில் அதுதான். தோற்றால் எங்கள் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று மேலாளர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

ஒரே மாதிரி இரண்டு சர்வர்கள். புதியதைக் கொண்டுவந்த, பக்கத்து ஏரியாவான பாடியிலிருந்து வரும் சக ஊழியர்தான் சோதனையை நடத்தினார். முடிவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுடையது பாதி வேகம்கூட இல்லை! "இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவருக்குச் சுருக்கென்றது.

"இன்னா மேடம், நான் இன்னா உங்களுக்கு எதிரியா? ரெண்டும் ஒரே மெஷினு. எத்தினி வாட்டி வேணா ஓட்டிக் காட்றேன்."

"அப்போ மாத்திப் போடுங்க. உங்களுது என் சர்வர்ல ஓடட்டும், என்னுது உங்க சர்வர்ல."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மாற்றி ஓட்டினார். அடக் கடவுளே! இப்போது அவருடையது நொண்டியது, என்னுடையது பறந்தது.

அவர் என் சர்வரின் மேலே கை வைத்தார். "ஐயய்யோ, தோசைக்கல்லு மாதிரி சுடுது மேடம்!"

அப்போதுதான் உறைத்தது. பூஜையன்று, காற்று உள்ளே போகும் அதன் முன்பக்க வலையை மறைத்து ஒரு பெரிய சாமி படத்தை ஒட்டியிருந்தார்கள். சூடு ஏறினால் சர்வர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தினமும் எல்லோரும் பார்த்த படம்தான். சாமி படத்தை யார் பிய்ப்பார்கள்? ஒட்டியவர் யார் தெரியுமா? பந்தயத்தை அறிவித்த மேலாளரேதான்!

அவரே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தைப் பிரித்தார். மறுபடி ஓட்டினோம். புதியது மயிரிழையில் முந்தியது, அவ்வளவுதான். அந்த மயிரிழைக்காக ஒரு குழுவைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆனால் எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. முதல் முடிவைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தில், தில்லுமுல்லு என்று கத்தினேனே தவிர, இத்தனை வருட உழைப்பும் குப்பைதான் என்று உள்ளுக்குள் நானே நம்பிவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது ஒருவரை மந்தம் என்று சொன்னால், அவரை எங்கே நிறுத்தி ஓடவிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.