ஒட்டாமல் இருக்க ஆறு வியாழக்கிழமைகள்

மூக்கினுள் அறுவை செய்வது ஒரு மணி நேர வேலை. அறுத்த இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஆறு வாரத் தொல்லை. மொரீஷியஸின் தெற்கில் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தத் தொல்லையை, இந்தியாவிலிருந்து புதிதாக வந்த டாக்டரான என்னிடம் ஒப்படைத்தார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர்களுக்கு என் நிலை புரியும்: எதைத் தொட்டாலும் தப்பாகிவிடுமோ என்றே தோன்றும்.

முதல் முறை

இதை நான் பார்க்கவில்லை. வார்டு நர்ஸ் சிஸ்டர் மரி சொல்லிக் கேட்டது. செமின் கிரனியே ஊர்க்காரப் பெண்மணியான மதாம் செல்லேன் கடற்கரை விடுதி ஒன்றின் சமையலறையில் மீனை முகர்ந்து பார்த்து வாங்குபவர். மூக்கில் சதை வளர்ந்து வாசனை தெரியாமல் போனதும் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். நான் வருவதற்கு முந்தைய ஆண்டு வேறோர் இடத்தில் சதையை எடுத்து, வாராவாரம் சுத்தம் செய்துகொள்ள வரச் சொன்னார்கள். அவர் போகவில்லை. புண் ஆறும்போது உள்சுவர்கள் ஒட்டித் தழும்பாகி, வாசனையின் வழி மறுபடி அடைபட்டது. ஏன் போகவில்லை என்று சிஸ்டர் கேட்டாராம்.

"மூச்சு நன்றாக வந்தது. நன்றாக இருப்பவள் டாக்டரிடம் போய் என்ன சொல்வது?"

கரேம்

எங்களிடம் இரண்டாம் அறுவைக்கு வந்தபோது புரட்டாசி மாதம். டிசம்பரில் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் மூக்கு சரியாகாவிட்டால் மீன் வாங்கும் இடத்துக்கு வேறு ஆளாம். சுவர்களுக்கு நடுவே கரையும் ஜெலட்டின் பஞ்சு வைப்போம் என்று விளக்கினேன். "எதில் செய்தது, தொக்தேர்? நான் கோவிந்தன் கரேமில் இருக்கிறேன்" என்றார். தொக்தேர் என்றால் இந்தத் தீவில் டாக்டர், கரேம் என்றால் விரதம். மாதம் முழுக்க மாமிசம் கிடையாது. மீனைத் தொடுவது வேலை, உடம்புக்குள் போவது வேறு என்பது அவர் கணக்கு.

எனக்குத் தெரியவில்லை. மருந்துதான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பஞ்சுப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன்: பன்றித் தோல். அதை அவரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். அறுவை செய்யவிருந்த பெரிய டாக்டரிடம் தாளோடு போய்ச் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் படித்தார்.

"இத்தனை வருடமாக அதை வைக்கிறேன். பெட்டிக்குள் ஒரு தாள் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது."

கையுறை விரல்

மாற்று வழியைப் பெரிய டாக்டரே சொன்னார். சுத்தமான ரப்பர் கையுறையின் விரலை வெட்டி, உள்ளே துணி திணித்து, நூலால் கட்டி, சுவர்களுக்கு நடுவே ஒரு வாரம் வைப்பது. கட்டும் வேலை என்னுடையது. முடிச்சு அவிழ்ந்தால் துணி தொண்டைக்குள் போய்விடும். மூன்று முறை கட்டி இழுத்தேன். மூன்று முறையும் முடிச்சு அவிழ்ந்து நூல் கையோடு வந்தது. நான்காவது நின்றது. அதையும் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன்.

"விட்டுவிடுங்கள், தொக்தேர். மூக்குக்குள் யாரும் அதைப் பிடித்து இழுக்கப்போவதில்லை" என்றார் சிஸ்டர் மரி.

இரண்டாவது வியாழன்

அறுவை முடிந்து ஒரு வாரத்தில், முதல் வியாழனன்று கையுறை விரலை எடுத்தோம்; இனி வியாழன்தோறும் சுத்தம் செய்ய வரச் சொன்னோம். அடுத்த வியாழன் மதாம் செல்லேன் வரவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து செமின் கிரனியே போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மூச்சு நன்றாக இருக்கிறதே என்றார். "போன முறையும் நன்றாகத்தான் இருந்தது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. துணியை அப்படியே கூடையில் போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் மூக்கினுள் பார்த்தால், இரு சுவர்களுக்கும் நடுவே சிலந்தி நூல்போல ஒரு வெள்ளை இழை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தழும்பு. அதை அறுத்து, பொருக்கைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வலிக்கிறது என்றால் நிறுத்துவீர்களா?"

"மாட்டேன்."

"அப்படியானால் வலிக்கவில்லை."

ஆறாவது வியாழன்

அதற்குப் பிறகு ஒரு வியாழனும் அவர் தவறவில்லை. ஆறாவது முறை பார்த்தபோது உள்ளே வழி திறந்தே இருந்தது. அன்று வந்து உட்கார்ந்ததுமே சொன்னார்: "நேற்று பழைய வேலையில் நிறுத்திப் பார்த்தார்கள்; ஒரு பெட்டி இறாலைத் திருப்பி அனுப்பினேன். செஃப் நல்லது என்றார். முகர்ந்து பாருங்கள் என்றேன் நான்."

நோயாளி சந்தோஷத்தில் சொல்வதையெல்லாம் கேஸ் தாளில் எழுதக் கூடாது என்பதால் விடுதிக்கு போன் செய்து செஃபிடமே கேட்டேன்: இறால் கெட்டுத்தான் போயிருந்தது.